மழைக்காலத்தில் இலை பிடித்த கூடை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் மலையாள தேசத்துக்கு வந்து சாலைக் கடைத்தெருவில் தகரப் பட்டறை போட்டேன். ஆரியசாலைத் தானியக் கடைகளுக்கு எலி புகாத பெட்டிகள் அடித்தேன். கரமனையில் மாடி வீடு கட்டினேன். யாருடைய சிபாரிசும் கிடையாது. ஆனாலும் நான் செய்தவற்றில் பெரிது காட்டில் இலை பிடிக்கும் கூடைதான். அதைத்தான் என்னிடமிருந்து பறித்துக்கொண்டார்கள்.

எழுபதுகளில் காட்டை ஆராயும் இருவர் என் பட்டறைக்கு வருவார்கள். ஒருவர் பேராசிரியர், மலையாளி. மற்றவர் அவரிடம் வேலை பார்த்த கரமனை அக்ரஹாரத்துக்காரர். மரங்களிலிருந்து மாதாமாதம் விழும் இலையைச் சேர்த்து, உலர்த்தி, எடை போடுவது அவர்கள் வேலை. ஒரு துணுக்குகூடச் சிந்தக்கூடாது என்று அடி மூடிய தகரத் தட்டுகள் கேட்டார்கள். ஒரு சொட்டு ஒழுகாதபடி பற்றவைத்துக் கொடுத்தேன்.

மழைக்காலத்தில் எடை சரிந்தது. என் பட்டறையில் டீயை வைத்துக்கொண்டு இருவரும் வாதாடினார்கள்.

"மழையிலே மரம் இலையைப் பிடிச்சு வச்சுக்கறது சார். இதையே கட்டுரையா எழுதலாம்" என்றார் கரமனைக்காரர்.

"எடோ, அப்போ காத்து? காத்தடிச்சா இலை விழாதோ?" என்றார் பேராசிரியர்.

பிளந்த தட்டுகளைச் சரிசெய்ய அவர்களோடு நானும் மலைக்குப் போனேன். கரமனைக்காரர் காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கியபடியே புலம்பினார்: "பொண்ணு பாக்கப் போனா, இலை பொறுக்கறதுதான் உத்தியோகமான்னு சிரிக்கறா அண்ணாச்சி."

நான் ஒரு தட்டுக்குள் கையை விட்டேன். மழைத் தண்ணீர் தேங்கி, உள்ளே இலையெல்லாம் கூழாகிக் கிடந்தது.

"மரம் ஒண்ணும் பிடிச்சு வைக்கல சார். உங்க தட்டுதான் இலையைத் தின்னுது."

"அண்ணாச்சிக்கு ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கணுமல்லோ!" என்று பேராசிரியர் சிரித்தார்.

ஒரு பிடிக் கூழை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இதை எடை போடுங்க." சிரிப்பு நின்றது.

ஊர் திரும்பியதும் தகர அடியை வெட்டி எறிந்தேன். தண்ணீர் வடிய அங்கே கொசுவலைத் துணியைத் தைத்து, இடுப்புயரத்துக்கு மூன்று இரும்புக்கால் வைத்தேன். அடுத்த மழைக்கு எடை ஏறியது. எழுதி வைத்திருந்த கட்டுரையைக் கிழித்துப் போட்டார்கள்.

பிறகு அவர்கள் புத்தகம் வந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. நன்றிப் பக்கத்தைக் கரமனைக்காரரை வாசிக்கச் சொன்னேன். ஜீப் ஓட்டியவர், சமைத்தவர், தட்டச்சு செய்தவர், எல்லோரும் இருந்தார்கள். கூடைப் படத்தின் கீழே, 'நாங்கள் வடிவமைத்தது.'

"நான் எங்கே?"

"கடைக்காரா பேரைப் போடற வழக்கமில்லே அண்ணாச்சி."

"ஜீப்காரர் பேர் இருக்கே?"

"அவர் டிபார்ட்மெண்ட் ஆளாக்கும்."

அவர் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. இன்றும் மாணவர்கள் அதே மூன்று கால் கூடையோடு காட்டுக்குப் போவதாகக் கேள்வி. அந்த இருவரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு இதே ஊரில்தான் இருக்கிறார்கள். என் பெயர் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். புத்தகத்தை மறுபடி அச்சடிக்கும்போது 'நாங்கள்' என்பதை அடித்துவிட்டு அங்கே என் பெயரைப் போடட்டும்.