கட்டைப்பைக்குள் அடங்கிய டெலஸ்கோப்

சாயங்காலம் ஆறு மணி ஆனால் ரைஸ் மில் பக்கமிருந்து நெல் அவிக்கிற வாசனை எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வந்துவிடும். கூடவே கரித்தூளும். கொடியில் காயும் துணியை உதறித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கரிக்கு நடுவில்தான், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், என் டெலஸ்கோப்பை முதல் முறை வைத்தேன்...

போன வாரம் வானம் பார்க்கிறவர்களுக்கான இந்த குரூப்பில் ஒருவர், "சும்மா மாடியில நின்னு பாக்க சின்னதா எது வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்குப் பழைய கோபம் கொஞ்சம் திரும்பி வந்தது.

ஆரணியில் பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன் போடுவது என் வேலை. அன்றும் இன்றும் அதேதான். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைக்க வேண்டும். ஒரு அன்னத்தின் மூக்குக்கே அரை நாள் போய்விடும். எழுந்து வெளியே வந்தால் தெருவே கட்டம் கட்டமாகத் தெரியும். தூரத்தில் இருக்கிற எதையாவது பார்க்க வேண்டும் என்று ஒரு வெறியே வந்துவிட்டது.

அண்ணன் பட்டு வியாபாரி. எதையும் கையில் தூக்கி, கனம் பார்த்துத்தான் தரம் சொல்வார். போனில் ஒரு நீளக் குழாயைக் காட்டினார்.

"இதப் பாரு, நல்ல வெயிட்டு. பவரும் ஜாஸ்தி போட்டுகீறான். வாங்கினா இத வாங்கு."

நான் ஒரு வாரம் உட்கார்ந்து ரிவ்யூ படித்தேன். பவரை ஏற்ற ஏற்றப் படம் பெரிதாகும், கூடவே மங்கும், ஆடும். வெளிச்சம் நுழைகிற வாய் அகலமாக இருக்க வேண்டும், வைக்கிற இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். இரண்டே விஷயம். மூன்றாவது நானே சேர்த்துக்கொண்டது... புடவைக் கடை கட்டைப்பைக்குள் அது அடங்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். டேப் எடுத்துக் கட்டைப்பையை அளந்தேன். எங்கள் மாடிப்படி செங்குத்து. யாரையும் "கொஞ்சம் புடிங்க" என்று கூப்பிடாமல் நான் ஒருத்தியாக ஏற வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

வந்தது. உள்ளே கண்ணாடி வைத்த குட்டையான டப்பா. ஸ்டூல் மேல் வைத்தால் போதும். அண்ணன் தூக்கிப் பார்த்தார்.

"கனமே இல்லியே. ஏமாந்துட்ட."

அன்று சாயங்காலம் நிலாவின் பள்ளங்களைப் பார்த்தேன். அழுதுவிட்டேன். சொல்வதில் வெட்கமில்லை.

நாலாம் நாள் எதிர் வீட்டு ஏகாம்பரம் மாமா வந்தார். மாடி அறையில் தறி போட்டிருந்தவர். அப்போது எனக்கு டிசைன் வேலை கொடுத்துவந்தவரும்கூட. என்னிடம் பேசாமல் அண்ணனிடம் பேசினார்.

"உன் தங்கச்சி தெனம் மேல நின்னுகினு எங்க ஜன்னலயே பாத்துகினு கீது. தீவாளிக்கு வேற ஆள வெச்சுப் போட்ட பார்டர் இன்னும் தறிய வுட்டு எறங்கல. வெளிய போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் வீட்டுக்கு மேலே வியாழன் இருந்தது. அது என் தப்பா?

ஆனால் எங்கள் ஊரில் டிசைன் திருடி என்று ஒரு தடவை பெயர் வந்தால் அவ்வளவுதான். எந்த வீட்டிலும் வேலை கொடுக்க மாட்டார்கள். அண்ணன் பயந்துவிட்டார்.

"நமக்கு எதுக்கு இந்த பேஜாரு? ஞாயித்துக்கெழம வரிக்கும் டைம் கீது. ஜல்தியா திருப்பி அனுப்பிடு."

"அனுப்ப மாட்டேன்ணா. அனுப்பினா நான் திருடினேன்னு நானே ஒத்துகினா மாதிரி ஆயிடும்."

சொன்ன கையோடு அது வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பழைய பேப்பரோடு போட்டேன். இனி அனுப்ப நினைத்தாலும் முடியாது.

மறுநாள் ஆறரை மணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக ஸ்டூலைப் போட்டு, டெலஸ்கோப்பை நேராக அவர் ஜன்னலுக்கே திருப்பினேன். தெருவே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

"மாமா, மேல வாங்க. உங்க ஜன்னல நீங்களே பாருங்க."

வந்தார். குனிந்தார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா, ஒரே பஞ்சு மூட்டையா கீது. ஒண்ணியும் தெரியல."

"பன்னெண்டு அடிதான் மாமா இருக்கும். இவ்ளோ கிட்ட இருக்கறது இதுல தெரியாது."

"நீ எதுனா திருகி வெச்சிருப்ப."

"நீங்களே திருகுங்க."

திருகினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகினார். பஞ்சு மூட்டைதான்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க பார்டரப் பாக்க டெலஸ்கோப் எதுக்கு மாமா? இந்தச் சுவர்ல சாஞ்சா வெறுங்கண்ணுக்கே தெரியுது. ரெண்டு மயிலு, நடுவுல கலசம்."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் டப்பாவை நிலாவுக்குத் திருப்பி, "இதையும் பாத்துட்டுப் போங்க" என்றேன். மாமா கோபத்தோடுதான் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"அம்ம வடு மாதிரி கீது..." என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "எதுக்கும் இந்தப் பக்கம் திருப்பாத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு டிசைன்கூட அவர் கொடுத்ததில்லை. அவர் பேச்சைக் கேட்டு இன்னொரு வீடும் நிறுத்தியது. வலித்தது. மற்ற வீடுகள் வந்துகொண்டுதான் இருந்தன. திருப்பி அனுப்பியிருக்கலாமோ என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

இப்போது தெரு முழுக்க எல்இடி. பாதி நட்சத்திரம் காணோம். போனை வானத்துக்குத் தூக்கிக் காட்டினால் அதுவே நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது. என்னிடம் அதே டப்பாதான். லீவு நாளில் கட்டைப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, சந்தவாசல் பக்கம், தெரு விளக்கே இல்லாத இடத்தில் இருக்கிற தோழி வீட்டுக்கு பஸ்ஸில் போகிறேன். "கல்யாணப் பொடவையாம்மா?" என்று கண்டக்டர் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

எது வாங்கலாம் என்று கேட்டவருக்கு... உங்கள் வீட்டுப் பை எதுவோ, முதலில் அதை அளந்துகொள்ளுங்கள்.

எங்கள் மாடியிலும் அவ்வப்போது வைப்பதுண்டு. என் தலையைப் பார்த்ததுமே ஏகாம்பரம் மாமா இன்றைக்கும் ஜன்னலை டப்பென்று சாத்துகிறார். சாத்தட்டும். அவர் வீட்டு ட்யூப் லைட் மறைந்தால்தான் எனக்கு வானம் நன்றாகத் தெரிகிறது.