டோக்கனை ரத்து செய்தவள்

என் அப்பா எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவருடைய டோக்கனை ரத்து செய்தவள் நான்தான்.

துறைமுக வாசலில் காத்திருக்கும் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் செயலியை எங்கள் குழு எழுதியது. ஓட்டுநர்கள் டோக்கனைக் கைமாற்றி விடுகிறார்கள் என்று துறைமுகத்தில் சொன்னதால், நான் ஒரு விதி சேர்த்தேன். லாரி நகரும்போது ஓட்டுநரின் போன் அதற்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் டோக்கன் ரத்து. எல்லாச் சோதனையிலும் தேறியது. குழுத்தலைவர் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வெள்ளிக்கிழமையே புகார்கள் குவிந்தன. தொழுகைக்குப் போனவர், சாப்பிடப் போனவர் எல்லோரும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். அப்பா மறுநாள் மதியம்தான் வீட்டுக்கு வந்தார்.

"தொழுவப் போன தோஸ்து வண்டிய நான் நவுத்தினேன். நான் சோறு துன்னப் போனப்போ என் வண்டிய அவன் நவுத்தினான். எப்பவும் அப்டிதானே? உன் டோக்கன் ரெண்டு பேரையும் பின்னால அனுப்சிட்ச்சி."

சாவியை வண்டியிலேயே விட்டுப் போவது அந்தச் சாலையின் வழக்கம். பக்கத்தில் இருப்பவர் ஏறி நகர்த்துவார். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்ததுதான். கணினி முன் உட்கார்ந்ததும் மறந்திருக்கிறேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

திங்கட்கிழமை கூட்டத்தில், அறிக்கையில் காரணம் 'ஓட்டுநர்களின் ஒழுங்கின்மை' என்று எழுதச் சொன்னார் குழுத்தலைவர். அடுத்த மாதம் என் பதவி உயர்வை முடிவு செய்பவரும் அவர்தான். "அந்த ஏரியா ஆளுங்க அப்படித்தான்" என்று சிரித்தார். என் வீடு அந்த ஏரியாவில்தான் என்பது அவருக்குத் தெரியாது. மூன்று வருடமாக அலுவலகத்தில் என் பேச்சை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

டோக்கனை போனிலிருந்து எடுத்து லாரி எண்ணோடு இணைத்தேன். அறிக்கையில், 'வரிசையைப் போய்ப் பார்க்காமல் விதி எழுதினேன். தவறு என்னுடையது' என்று எழுதினேன்.

"இதை அழிச்சிடு. உயர்வு வேண்டாமா?" என்று அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் கேட்டார் குழுத்தலைவர்.

"வேணும் சார். ஆனா அயிக்க மாட்டேன். நான் பண்ண தப்புக்கு எங்கப்பா இன்னா பண்ணுவாரு? அவரும் அந்த லைன்லதான் நின்னுகினு இருந்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. பதவி உயர்வும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். இப்போது எந்த விதி எழுதும் முன்பும் ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு அந்தச் சாலையில் போய் நிற்கிறேன்.

அங்கே போய் அப்படி என்ன கற்றுக்கொள்கிறாய் என்று போன வாரம் குழுத்தலைவர் கேட்டார்.

"உங்க கார்ல வாங்க சார். சாவிய அதுலயே வுட்டுட்டு எறங்கி, டீ குடிச்சிட்டு வரலாம்."

அவர் இன்னும் வரவில்லை.