வந்துட்டியா என்று கேட்டவள்

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் புதுசு. கல்யாணமாகி வந்த அன்று வாசலில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், பெரிய நாத்தனார் உள்பக்கம் திரும்பி, "புதுசு வந்தாச்சு, தண்ணி கொண்டு வாங்க" என்று குரல் கொடுத்தார். அன்று ஒட்டிக்கொண்டதுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாங்கிய ஃபிரிட்ஜ் பழசாகி, மூலைக்குப் போய், அதன் இடத்துக்கு வந்த ஃபிரிட்ஜுக்கும் இப்போது கதவு சரியாக மூடுவதில்லை. அவள் மட்டும் இன்னும் புதுசு.

பெரிய நாத்தனாருக்கு வேலை பேருந்து நிலையத்தில். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர் அவர்தான். அவர் தொண்டையைச் செருமினாலே மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். பகல் முழுக்க ஊரையே ஓட வைக்கிற ஒருவர் வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. குடும்பத்தில் யார் பிறந்தாலும் முதல் ஆளாகப் போய் எட்டிப் பார்ப்பார். ஒரு வார்த்தை சொல்வார். அதுவே பெயராகிவிடும். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டுப் போடுவதற்கும் மட்டும் பயன்படும்.

தன் கடைசித் தம்பிக்கு, அதாவது புதுசின் கணவனுக்கு, அவர் சிறுமியாக இருந்தபோதே வைத்த பெயர் நத்தை. டாக்டர் சொன்ன தேதி தாண்டிச் சாவகாசமாகப் பிறந்த குற்றத்துக்காக. நத்தை இப்போது வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வண்டி ஓட்டுகிறான். விதிக்கும் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி உண்டு.

புதுசு தையல்காரி. ஆனால் புதிதாக எதையும் தைப்பதில்லை. இறுக்கமானதைத் தளர்த்துவாள், தொளதொளப்பதைப் பிடிப்பாள், ஜிப் மாற்றுவாள். தெருமுனையில் ஒற்றை ஷட்டர் கடை. ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, மறைவுக்கு ஒரு திரை, ஆள் உயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை எக்கிக்கொண்டு "துணி சுருங்கிடுச்சும்மா" என்று சொல்லாத ஆம்பளை அந்த வட்டாரத்தில் இல்லை. "ஆமாங்க, இப்ப வர்ற துணியே அப்படித்தான்" என்பாள் அவள். பழியைத் துணி மேல் போட்டு இத்தனை பேரின் மானத்தைக் காப்பாற்றிய கடை வேறு எங்கும் இருக்க வாய்ப்பில்லை.

முதல் பிரசவத்தில் எல்லோரும் அவளிடம் "பயப்படாதே" என்றார்கள். சொன்ன ஒவ்வொருவர் முகமும் வெளுத்திருந்தது. இழுத்துக்கொண்டே போன வலி. குழந்தை வெளியே வந்தபோது அவளுக்குக் கண்ணைத் திறக்கவே தெம்பில்லை. திறந்து பார்ப்பதற்குள் நர்ஸ் துண்டில் சுற்றி வராந்தாவுக்குக் கொண்டு போய்விட்டார். அங்கிருந்து அந்தக் குரல் கேட்டது: "யப்பா, என்னா அழுகை! சரியான அழுமூஞ்சி!"

துணியில்லாத உடம்பைச் சில்லென்ற தராசில் கிடத்தினால் யார்தான் சிரிப்பார்கள்? ஆனாலும் அவன் அழுமூஞ்சி ஆனான்.

இரண்டாவது, அவசரப்பட்டுக் குறை மாதத்தில் வந்துவிட்டது. கையளவு குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் சூடு வைத்துப் பாதுகாத்தார்கள். புதுசைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது, கண்ணாடியில் மூக்கு அழுந்த ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். "இதென்னடி, கொசு மாதிரி இருக்கு!"

அழுமூஞ்சி வளர்ந்து, சைக்கிளிலிருந்து விழுந்தால் முழங்காலை யாரோ ஒருவருடைய முழங்காலைப் போல ஆர்வமாகப் பார்க்கிற பையனானான். கொசு வளர்ந்து, பள்ளிக் கால்பந்து அணிக்குக் கோல் கீப்பர் ஆனாள். அவள் கையை விரித்து நின்றால் கம்பத்துக்குக் கம்பம் அடைத்துக்கொள்ளும். பெயர்கள் மட்டும் வளரவில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் பையன் மேடையேறிப் பரிசு வாங்கும்போது, மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் அத்தை பாசத்தோடு கூப்பிட்டார், "டேய் அழுமூஞ்சி, இங்க பாருடா!" பார்த்தான். மொத்த வகுப்பும் பார்த்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் காலையானால் அவனுக்கு வயிறு வலித்தது.

மூன்றாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் கொசு கடைக்கு வந்து இஸ்திரி மேஜை மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, என்னை முதல்ல பார்த்தப்ப உனக்கு என்ன தோணுச்சு?"

புதுசு தேடிப் பார்த்தாள். மருந்து வாடை ஞாபகம் இருந்தது. சக்கர நாற்காலியின் கீச்சுச் சத்தம் இருந்தது. தன் சொந்த நினைப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'கொசு' என்ற ஒரு வார்த்தை சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அழகா இருக்கியேன்னு தோணுச்சு."

"போம்மா. பொய் சொல்றப்ப நீ ஊசியையே பார்ப்ப."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நத்தையிடம் சொல்லிவிட்டாள். "இந்தப் பிள்ளையை உங்க அக்காவுக்கு முன்னாடி நான் பார்க்கணும். முதல் வார்த்தை என்னோடதா இருக்கணும்."

"பெக்கப் போறது நீ. உனக்கு முன்னாடி அவங்க எப்படிப் பார்ப்பாங்க?"

"ரெண்டு தடவை பார்த்தாங்களே."

நத்தை தண்ணீர் குடித்தான். "பேருதானே, விடு. என்னை நத்தைன்னாங்க. நான் என்ன கெட்டாப் போயிட்டேன்?"

"அப்ப எந்த இடத்துக்குப் போனாலும் அரை மணி முன்னாடியே போய் வாசல்ல காவல் காக்கிறீங்களே, அது எதுக்காம்?"

நத்தை மறுபடியும் டம்ளரை எடுத்தான். அவளே தொடர்ந்தாள். "பிள்ளைங்க துணின்னா உள்ள கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பேன். வளர்றப்ப பிரிச்சு விட்டுக்கலாம். உங்க அக்கா வைக்கிற பேர்ல அந்த இடமே விடறதில்ல."

குழந்தை பிறந்து அவள் கைக்கு வந்த பிறகுதான் அக்காவுக்குத் தகவல் என்று முடிவாயிற்று. அடுத்த சில வாரங்கள் மெஷினை மிதித்தபடியே முதல் வார்த்தையைத் தேடினாள். 'தங்கம்' என்று பார்த்தாள். கடைக்கு வருகிற எல்லாக் குழந்தைகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். 'ராசாத்தி' வைத்துப் பார்த்தாள். பையனாக இருந்துவிட்டால்? 'செல்லம்' நன்றாக இருந்தது. ஆனால் எதிர்வீட்டு நாய்க்கு அதுதான் பெயர். கூப்பிட்டால் அது வந்து நிற்கும்.

வலி வந்தது ஒரு நண்பகலில், கடையில். திரைக்குப் பின்னால் பேங்க் வாட்ச்மேன் இடுப்பில் துண்டோடு நின்றிருந்தார். அவருடைய பேன்ட் மெஷினில் இருந்தது, ஜிப் பாதி ஏறிய நிலையில்.

"அண்ணே, எனக்கு வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஐயோ, போம்மா, உடனே போ!" என்றவர், ஒரு கணம் கழித்துத் தன் நிலைமையை நினைத்து, "அம்மா தாயே, அந்த மீதிப் பாதியை மட்டும்..." என்றார்.

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் மீதிப் பாதியைத் தைத்து முடித்தாள். பேன்ட் கைக்கு வந்ததும் அந்த மனிதர் தெருவில் இறங்கி ஓடி, பார்சல் வண்டியை மறித்து நத்தையைக் கூட்டிவந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நன்றி பொங்கி வழிந்ததில் நேரே பேருந்து நிலையத்துக்குப் போய், ஒலிபெருக்கி அறையின் ஜன்னலைத் தட்டி, "அக்கா, உங்க தம்பி வீட்டம்மாவுக்கு வலி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்கள் இல்லையென்றால் பாதித் திட்டங்கள் உலகத்தில் உருப்பட்டிருக்கும்.

மூன்றாவது பிரசவம் விறுவிறுவென்று போனது. நர்ஸ் வாட்டசாட்டமானவர், அலட்டிக்கொள்ளாதவர்.

"மூணாவதுதானே, எல்லாம் உனக்கே தெரியும்."

"தெரிஞ்சா வலிக்காதா, சிஸ்டர்?"

"வலிக்கும். ஆச்சரியமா இருக்காது."

"சிஸ்டர், பொறந்ததும் எங்கிட்ட குடுங்க. தராசு எங்கயும் ஓடிடாது."

நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தார். குழந்தை வந்ததும் துடைத்து நேராக அவள் மார்பில் கிடத்தினார்.

பெண் குழந்தை. ஒருமுறை அழுதுவிட்டு நிறுத்திக்கொண்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வேறு நிறுத்தத்தில் இறங்கிவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவரைப் போல அவளைப் பார்த்தது. புதுசு சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. அவளுக்குத் தோன்றியதெல்லாம், யார் இது, என்பதுதான். இத்தனை மாதம் உள்ளேயே வைத்திருந்தும் முன்பின் பார்த்திராத ஒரு ஆள். அவளையும் அறியாமல் வாய் திறந்தது.

"வந்துட்டியா?"

பெரிய வார்த்தை இல்லைதான். பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் கேட்பது. நாள்கணக்கில் இழுத்தடித்த பிளம்பரைப் பார்த்து மனசுக்குள் கேட்பது. போன கரண்டு திரும்பினால் கரண்டிடமே கேட்பது. கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் குறை, காத்திருந்த களைப்பு, எல்லாம் அதில் அடங்கிவிடும்.

கேட்டு முடித்த மறுநொடி, மூடிய கதவுக்கு வெளியிலிருந்து ஊரை ஓட வைக்கிற குரல் பதில் சொன்னது.

"வந்துட்டேன்!"

நர்ஸ் திடுக்கிட்டுக் குழந்தையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். "யாரும்மா அது?"

புதுசுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரிப்பது எவ்வளவு வலிக்கும் என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே விட்டதும் பெரிய நாத்தனார் தொட்டில் பக்கம் திரும்பவே இல்லை. கண் கலங்க நேரே வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவள் அவரை "வாங்கக்கா, உட்காருங்கக்கா" என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. இன்று 'வந்துட்டீங்களா' கூட இல்லை, 'வந்துட்டியா'. வலியில் மரியாதையெல்லாம் உதிர்ந்து, கூடப்பிறந்தவளைத் தேடுவது போலத் தன்னைத் தேடியிருக்கிறாள் என்று அவர் ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸிடம் சொன்னார். தரை துடைக்கிற அம்மாவிடம் சொன்னார். வண்டி நிறுத்த இடம் தேடிப் போய் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்த நத்தையிடம் சொன்னார். பக்கத்துக் கட்டில்களுக்கும் விவரம் போய்ச் சேர்ந்தது. சொல்லச் சொல்ல மெருகேறி, சாயங்காலத்துக்குள் அது, "எங்கடி போயிட்ட, வந்துட்டியா" என்று ஆகிவிட்டது.

சொல்லிக்கொண்டே இருந்ததில் குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. புதுசுக்கு அது புரிந்தது. வாயைத் திறந்து திருத்தினால் அவர் தொட்டில் பக்கம் திரும்பிவிடுவார். திருத்தாவிட்டால், ஆசைப்பட்டுக் கிடைத்த ஒரே வார்த்தை கைமாறிப் போகும். குழந்தைக்குப் பால் கொடுத்தபடி பேசாமல் இருந்தாள்.

சாயங்காலம் பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். கட்டிலோரம் பெரிய நாத்தனார் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். கொசு தொட்டிலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, பாப்பாவைப் பார்த்ததும் என்ன தோணுச்சு?"

புதுசு மகளை நேராகப் பார்த்தாள். இந்தத் தடவை ஊசி எதுவும் கையில் இல்லை.

"யாரு இதுன்னு தோணுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்புறம், வந்துட்டியான்னு கேட்டேன்."

ஆப்பிள் நறுக்குகிற கத்தி நின்றது.

"அப்ப அது அத்தையைக் கேட்டது இல்லையா?" என்றாள் கொசு, கோல் கீப்பருக்கே உரிய கவனத்தோடு.

நத்தைக்குத் திடீரென்று பசி வந்துவிட்டது. "வாங்க, கேன்டீன்ல பன் இருக்கும்" என்று பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

"அக்கா..." என்றாள் புதுசு.

"தெரியும்டி."

"தெரியுமா?"

"குரலை வெச்சுத்தான் எனக்குப் பொழப்பே. அது என்னைக் கேட்ட குரல் இல்ல. பிள்ளையைக் கேட்ட குரல்."

"அப்புறம் ஏன்க்கா பதில் சொன்னீங்க?"

அவர் ஒரு துண்டு ஆப்பிளை இவளிடம் நீட்டிவிட்டு, இன்னொன்றைத் தானே வாயில் போட்டுக்கொண்டார். "வராந்தாவுல ஒரு ஆள்கூட என்னைக் கண்டுக்கல. ஓரமா நில்லுங்கன்னாங்க. தம்பியையும் காணோம். உள்ள நீ கத்துற, கதவு சாத்தியிருக்கு. நான் ஒருத்தி வந்து நிக்கிறது யாருக்குமே தெரியல. அப்பப் பார்த்து வந்துட்டியான்னு ஒரு சத்தம். யாரைக் கேட்டா என்னன்னு சொல்லிட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தொட்டிலுக்குப் போனார். முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். புதுசுக்கு அந்தக் குனிவு தெரியும். அடுத்து வாய் திறக்கும்.

"அக்கா."

"என்னடி?"

"ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. ஆனா அவளுக்கு மட்டும் கேக்கட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு மெதுவாப் பேச வராதே."

"பழகிக்கலாம்."

பெரிய நாத்தனார் கதவைப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். பிறகு தொட்டிலுக்குள் தலையை விட்டு, குழந்தையின் காதைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு என்னவோ சொன்னார். நீளமான சேதிதான் போலிருக்கிறது. ஒலிபெருக்கி வைத்தது போன்ற அந்தத் தொண்டையிலிருந்து ஒரு துளி கூடக் கட்டில்வரை வந்து சேரவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது.

பன்னோடு திரும்பி வந்தவர்களில் அழுமூஞ்சிதான் முதலில் கேட்டான், ஏதோ தீர்ப்பைத் தெரிந்துகொள்கிறவனைப் போல. "அத்தை, பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சீங்க?"

"அதை அவகிட்டயே கேட்டுக்கோ" என்றார் அவர்.