ஏழாம் ஸ்தலத்தில் அய்யா தூங்கிப்போனது

மதுரைக்குப் போவதென்று பேச்சு வந்தபோது எங்கள் வீட்டில் அதற்காகச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். பெரியப்பா அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கடையில் வேலை, எனக்கு மாதம் ஒரு புதுப் பாவாடை. இதில் இரண்டாவது நானாகவே போட்டுக்கொண்ட திட்டம்.

அய்யா மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க மீனவர் குடியிருப்பில் உபதேசியாராக இருந்தார். பங்குச்சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் பூசை வைக்க வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் அய்யாவின் தலையில்தான். மணியடிப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், சாகக் கிடப்பவர்களுக்குச் செபம், செத்தவர்களுக்கு அடக்கம், புது வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளிப்பது, எல்லாம் அவர் பாடு. புருஷன் அடித்தாலும், பக்கத்து ஊர்க்காரன் வலையை அறுத்தாலும், கலெக்டருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் எங்கள் வாசலில் வந்துதான் நிற்பார்கள். அவர் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து யாராவது கூப்பிடுவார்கள். அதனால் அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தட்டை வைப்பாள்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஊருக்குள் விஷக்காய்ச்சல் புகுந்தது. ஒரே வாரத்தில் மூன்று அடக்கம். அதில் இரண்டு குழந்தைகள். மூன்றாவது அடக்கம் முடிந்து வந்த அய்யா கைகால்கூடக் கழுவாமல் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால ஏலல. செபத்த வாய்தான் சொல்லுது, உள்ள ஒண்ணுமே இல்ல. ஆண்டவர் எங்கன இருக்காருன்னே தெரியல. ஈஸ்டருக்குச் சாமி வரட்டும். சொல்லிட்டு மதுரைக்குப் போயிருவோம்" என்றார்.

அம்மா சரி என்று சொல்லிவிட்டு அழுதாள். நல்ல சேதி சொல்லும்போது இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சிலுவைப்பாதை. கோயில் சுவரைச் சுற்றி, சேசுநாதர் தீர்ப்பிடப்பட்டதிலிருந்து கல்லறையில் வைக்கப்பட்டதுவரை பதினான்கு ஸ்தலங்களின் படங்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொரு படத்துக்கு முன்னும் அய்யா முழங்காலில் நின்று செபம் வாசிப்பார். அவர் எழுந்தால்தான் ஊர் எழும், அடுத்த படத்துக்கு நகரும். ஏழாவது படம், சேசுநாதர் இரண்டாம் முறை கீழே விழுகிற ஸ்தலம். வாசித்து முடித்த அய்யா சுவரில் தலையைச் சாய்த்தார். எழுந்திருக்கவில்லை.

முதலில் எல்லோரும் பக்தி என்று நினைத்தார்கள். நேரம் ஆக ஆகப் பக்தி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அப்புறம் குறட்டை கேட்டது.

எனக்கு மானம் போயிற்று. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரை எழுப்ப ஓடினாள். ஆண்கள் பக்கமிருந்து சம்மாட்டி கையைக் காட்டி அவளை நிறுத்தினார். ஊரில் பெரிய வலையும் நாலு வள்ளமும் அவருடையவை.

"இரு தங்கச்சி. கரையேறி வந்து படுத்தவுகள யாராச்சும் எழுப்புவாகளா?"

அது எங்கள் ஊர் வழக்கம். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வந்து வள்ளத்து நிழலில் படுத்தவனை யார் வந்தாலும் எழுப்பமாட்டார்கள். முகத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, அவன் பங்கு வேலையையும் மற்றவர்கள் செய்துவிடுவார்கள். கடல் பக்கமே போகாத அய்யாவுக்கு அந்த மரியாதை கிடைத்ததை அன்றுதான் பார்த்தேன். நாலு பேர் அவரை மெல்லத் தரையில் கிடத்தி, தலைக்குத் துண்டை மடித்து வைத்தார்கள்.

எட்டாம் ஸ்தலத்திலிருந்து சம்மாட்டி நடத்தினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாபகத்திலிருந்து ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார், ஊரும் அதே குரலில் பதில் சொன்னது. ஒன்பதாவதில் ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்தார். பத்தாவதிலும் அவரை விழ வைத்துவிட்டார் சம்மாட்டி.

"மாமா, மூணு தடவதான்" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"பட்ட பாட்டுக்கு நாலு தடவகூட விழுந்திருப்பாரு. விடு" என்று அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் அடிமேல் அடி வைத்து வெளியே போனார்கள். அந்த வாரம் பிள்ளையைப் புதைத்த ஒரு தாய் மட்டும் போகவில்லை. அய்யாவின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போதும் அவளை நினைத்து எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. அன்றைக்கோ, இந்த மனுஷர் எழுந்து எப்போது வீட்டுக்கு வருவார் என்றுதான் இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு அய்யா விழித்தார். பதறிப்போய், "எத்தனாவது ஸ்தலம்?" என்று கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு உபதேசியாரே. ஆண்டவரக் கல்லறையில வச்சாச்சு. நீங்க படுங்க" என்றாள் அந்தத் தாய்.

அய்யா அவளையே பார்த்தார். பிறகு, ஆச்சரியம், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகத் திரும்பவும் படுத்துக்கொண்டார்.

ஈஸ்டருக்குச் சாமியார் வந்தார், பூசை வைத்தார், சாப்பிட்டார், போயும் விட்டார். அய்யா மதுரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. சாமியாரின் வண்டி போன கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேர் சண்டையோடு வாசலில் நின்றார்கள்.

"நான் தூங்குறப்பவும் செபம் நடந்திருக்கு பாரு" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். "ஆண்டவர நான்தான் தூக்கிக்கிட்டு அலையிறதா நெனச்சிருந்தேன். அவருல்ல என்னயத் தூக்கி வச்சிருந்திருக்காரு."

நான் கொல்லையில் போய் உட்கார்ந்து மதுரைக்காக அழுதேன். சண்டையைத் தீர்த்துவிட்டு அய்யா என்னைத் தேடி வந்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"சும்மாதான் ஆத்தா. ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன்."

மதுரைக்குப் போக முடியாமல் போனதற்கு யாராவது நன்றி சொல்வார்களா? பாவம், அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது, என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்தேன். என் கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "அழாதீக அய்யா, அடுத்த வருசம் போவோம்" என்று தேற்றினேன்.