எனக்கு ஏற்றாத ரத்தம்

நெஞ்சைப் பிளந்து இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் எனக்குப் பெரிய தொல்லை தந்தது தையல் அல்ல. என் அண்ணன்தான்.

அண்ணனுக்கு ஏரலில் பலசரக்குக் கடை. ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் பஜாரிலிருந்து வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்துவிட்டான். ஆபரேஷன் மேஜையில் எனக்கு ஒரு பை ஏறியது. அது இல்லாவிட்டால் இன்று இதை எழுத நான் இல்லை. ஆனால் மீதிப் பைகள் ரத்த வங்கியிலேயே இருந்தன. அதுதான் அண்ணனைக் குடைந்தது.

எங்கள் பக்கம் ரத்தம் கொடுத்தவர் அதோடு போய்விடமாட்டார். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வருவார். நம்ம ரத்தம் ஏத்தியாச்சா என்று கேட்பார். இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு நாக்கு எழவில்லை.

"ஆளு வெளுத்துப்போய்க் கெடக்கா. ஒரு பை ஏத்துனா என்ன? கொடுத்தவன் மூஞ்சில நான் எப்படி முழிக்க?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டான்.

அவருக்குச் சின்ன வயசுதான். பொறுமையாகத்தான் சொன்னார். ரத்த அளவு குறைவுதான், ஆனால் எங்கும் கசிவு இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, மருந்தும் சாப்பாடும் போதும். ரத்தம் டானிக் இல்லை, தேவையில்லாமல் ஏற்றினால் காய்ச்சல் வரலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். அண்ணன் விடவில்லை. மறுநாளும் அதே பல்லவி. கடைசியில் அவரே சலித்துப்போனார்.

"சரி அண்ணாச்சி, நீங்க இவ்வளவு சொல்லுதீங்க. பெரிய டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் இறந்தபோது என் நிலத்தைப் பற்றியும் இப்படித்தான், நான் இருக்கும்போதே, என் தலைக்கு மேல் பேசினார்கள். இருமும்போது பிடித்துக்கொள்ளத் தந்திருந்த தலையணையை மாரோடு அணைத்தபடி எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா, படுத்திருக்கது நான். என்கிட்ட கேளுங்க. உயிருக்கு வேணும்னா எத்தன பை வேணும்னாலும் ஏத்துங்க, கைய நீட்டுதேன். எங்க அண்ணன் மரியாதைக்கு ஒரு சொட்டு ஏறக்கூடாது."

"ஏட்டி, ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"ஊர் வாய மூட உலைமூடி உண்டா? வந்தா நானே சொல்லிக்கிடுதேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் பஜார்க்காரர்கள் வந்தார்கள். அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டான். நானே சொன்னேன். ஒருவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"அப்போ எங்க ரத்தம் ஆகாதாக்கும்?"

"ஆகும் தம்பி. அதனாலதான் வீணாக்கல. வேணும்ங்கவங்களுக்குப் போகும்."

அவருக்கு அது பிடித்ததா என்று தெரியாது. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். அண்ணன் கட்டிலருகே நின்றிருந்தான். மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

நான் அவனைப் பார்த்தேன். மூடிக்கொண்டான்.