அஞ்சலாட்சி இழுத்த கோடு

அஞ்சலாட்சிக்குக் கிராம சபை நோட்டைக் கண்டாலே பயம். தியாகதுருகம் பக்கம் கரும்பு வெட்டுகிறவள்; ஐந்தாவது வரை படித்தவள். போன வருஷம், நூறு நாள் வேலைக்காரர்கள் எல்லோரையும் போல, அந்த நோட்டின் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். முதலில் கையெழுத்து, பிறகு தீர்மானம். இப்படியும் ஒரு வழக்கம்! அப்புறம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மனுவோடு கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போனபோது அந்தத் தீர்மானத்தின் நகலைக் காட்டினார்கள்.

"குழாய் வேணாம்னு நீயே கையெழுத்து போட்டிருக்கியேம்மா?"

முதல் கையெழுத்து அவளுடையது.

இந்த வருஷமும் ஊராட்சிச் செயலர் தெய்வசிகாமணி வெற்றுப் பக்கத்தைத்தான் நீட்டினார்.

"குழாய் வேணும்னு எழுதுங்க சார். படிச்சிட்டு போடறேன்."

ஊராட்சித் தலைவர் திரும்பிப் பார்த்தார். அவள் வெட்டுவது அவருடைய கரும்பைத்தான்.

"இன்னா அஞ்சலாட்சி, நாளைக்கு வேலைக்கு வரலியா?"

ஓடிவிடலாம் போலிருந்தது; ஆனாலும் நோட்டின் முன்னாலேயே நின்றாள்.

ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி பார்த்துக்கொண்டிருந்ததால் செயலர் எழுதினார். எழுதிவிட்டு, பிறகு இன்னொரு வரி சேர்க்கத் தோதாகக் கீழே நாலு விரல் இடம் விட்டு, "இங்க போடு" என்றார்.

அந்த வெற்றிடத்தின் குறுக்கே அவள் ஒரு கோடு இழுத்தாள். கோடு பாம்பாக நெளிந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வரிசையில் வந்த யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஒருவர்கூட அந்தக் கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போடவில்லை.