பேராயர் எழுதிய பயிர் அகராதி

அருப்புக்கோட்டையில் நான் வைத்திருப்பது டைப்செட்டிங் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஓய்வு பெற்ற பேராயர் ஒருவர் பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் அங்கே வந்தார். மஞ்சள் பை நிறையக் கைப்பிரதி. எபிரேய மொழியில் உள்ள பயிர்ப் பெயர்களுக்குத் தமிழில் அகராதி எழுதியிருக்கிறாராம். அந்த எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். என் கம்ப்யூட்டர் அதை ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று.

பிழை திருத்திய நாட்களில் அவர் வாழ்க்கையும் துண்டு துண்டாக வந்தது. திருச்சுழிப் பக்கம் பிறந்தவர். அப்பா விவசாயக் கூலி. சின்ன வயதிலேயே மிஷன் விடுதி, பிறகு வெளிநாட்டில் எபிரேயப் படிப்பு, இறையியல் கல்லூரியில் வாத்தியார் வேலை. அவருடையது ஆங்கிலிக்கன் மரபில் வந்த சபை. பேராயர் பதவிக்கு நின்ற இருவரும் விட்டுக்கொடுக்காததால், யாருக்கும் தொந்தரவில்லாத ஆள் என்று இவரைத் தேர்ந்தெடுத்தார்களாம். பதவிக் காலம் முழுக்க சபையின் நிலத் தகராறுகளைக் கேட்டுக்கொண்டே எபிரேய வினைச்சொற்களை யோசித்ததாகச் சொன்னார்.

ஒருநாள் என் அப்பா கடைக்கு வந்தார். திரையில், கொத்தமல்லியை மாடு கட்டி மிதிப்பார்கள் என்று இருந்தது.

"மாடு கட்டுனா மல்லி நொறுங்கிப் போகும். கம்பாலதான் தட்டணும். அய்யாவுக்கு எந்த ஊரு?"

பேராயர் ஊரைச் சொன்னார். எங்கள் சொந்த ஊர்தான். தன் அப்பா யார், யார் காட்டில் உழுதார் என்றும் சொன்னார். அது எங்கள் காடு.

அப்பா சற்று நேரம் சுவரில் இருந்த பேனரைப் பார்த்தார். அந்த உழவரை எங்கள் வீட்டில் எல்லோரும், வயது பார்க்காமல், 'வாடா போடா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மகனை எப்படிக் கூப்பிடுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசியும் 'நீங்க' என்றும் சொல்லவில்லை, 'நீ' என்றும் சொல்லவில்லை. செடியோடு பிடுங்குவது, களத்தில் காயப்போடுவது, அப்புறம் தட்டுவது என்று ஆளே இல்லாமல் நடக்கும் வேலைகளாகச் சொல்லிக்கொண்டு போனார். பேராயர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அப்பா போனதும் பேராயர், "ஒரு மணி நேரம் எழுவாயே இல்லாம பேசிட்டாரும்மா. எனக்கெல்லாம் வராது," என்றார். கோபம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். பிழை திருத்தும்போது இருக்கும் முகம்தான். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

மாசி மாதம் மல்லி அடிப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். அப்பாவிடம் கேட்டேன். வரட்டும் என்றார்.

பேராயர் வந்தார். கம்பை வாங்கித் தட்டிப் பார்த்தார். மல்லி களத்துக்கு வெளியே தெறித்தது. அப்பா கம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அம்மா வீட்டுத் தம்ளரிலேயே டீ கொண்டுவந்தாள். அப்பா அதை வாங்கி அவரிடம் நீட்டினார்.

"குடிங்க."

அவர் குடித்தார். சீனி கொஞ்சம் தூக்கல் என்றார்.

அகராதி அச்சாகி வந்தபோது மல்லிக்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது. சீரகத்துக்கு நாலு வரிதான். சீரகம் போடுகிறவர் யாரும் எங்கள் பக்கத்தில் இல்லை.